உடம்பு பிடித்துவிடுதலும் அதன் எல்லையும்



நம்மில் பெரும்பாலோர் காலையில் கடை திறந்தால் இரவு வரை நின்றபடியே இருப்பவர்கள். மூட்டை தூக்குவதும், குனிந்து சாமான் அடுக்குவதும், கல்லாவில் ஒரே இருப்பாக இருப்பதும் நம் பிழைப்பு. இடுப்பு நோவோ கழுத்துப் பிடிப்போ காணாத கடைக்காரர் அரிது. நோவு கண்டதும் தைலப் புட்டியை எடுப்பதும், யாரையாவது பிடித்துவிடச் சொல்வதும் நம் வழக்கம். வழக்கம் நல்லதே. ஆனால் அது எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று அறிந்து செய்தல் வேண்டும். அறியாமல் செய்தால் உயிருக்கே ஆபத்தாகும் சமயங்களும் உண்டு.

முன்னோர் கண்ட கலை

ஹக்கீம் இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன்' என்னும் வைத்திய நூலில், தேகப்பயிற்சிக்கு முன் உடலைத் தயார் செய்யும் தேய்ப்பு என்றும், பயிற்சிக்குப் பின் களைப்பு நீக்கும் தேய்ப்பு என்றும் பிரித்துக் கூறியிருக்கிறார். இன்று ஓட்டக்காரருக்கும் பந்தாட்டக்காரருக்கும் செய்யப்படுவது ஏறக்குறைய இதுவே.

வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டிய இன்னொருவர் தீன் முகமது. பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் 1759-ல் பிறந்த இவர் 1810-ல் லண்டனில் உணவுக்கடை வைத்தார். 1812-ல் கடன் மிகுந்து திவாலானார். பிறகு பிரைட்டன் நகரில் 1814 வாக்கில் ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் தொழிலாக நடத்தினார். பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே அப்பணி செய்யும் நியமனம் பெற்றார். அமுக்கிவிடுதலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லான 'சாம்போ'விலிருந்தே 'ஷாம்பு' என்ற சொல் பிறந்தது. தலைக்குத் தேய்க்கும் பொருளுக்கு அப்பெயர் பின்னால் வந்ததே.

பிடித்துவிடுவதால் விளையும் நன்மை

வழக்கமில்லாத வேலை செய்தால் நோவு உடனே வராது. இன்று லாரிச் சரக்கு இறக்கினால், 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள்தான் சதை மிகவும் நோகும். சதையில் அமிலம் தேங்கியதால் என்று பலர் சொல்வர். அந்த அமிலம் சுமார் ஒரு மணி நேரத்தில் தானே நீங்கிவிடும். சதை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமே நோவுக்குக் காரணம். பிடித்துவிடுவதால் அந்த நோவு ஓரளவு குறையும்; இறுக்கம் தளரும்; மனம் அமைதியுறும்; தூக்கம் வரும். சேதத்தை ஆற்றுவது ஓய்வும் உணவும் தூக்கமுமே.

முதலில் உள்ளங்கையால் மெல்லத் தடவி, பிறகு சதையைப் பிசைந்து, முடிவில் மீண்டும் தடவிவிடுதல் முறை. எலும்பின் மேலும் முதுகுத் தண்டின் மேலும் அமுக்கலாகாது. 'வலித்தால்தான் குணமாகும்' என்பது தவறு. தைலம் தோலுக்குக் குளிர்ச்சியோ சூடோ காட்டி நோவை மறக்கச் செய்யும், காரணத்தை நீக்காது. வார்ஃபரின் மாத்திரை உண்போர் டாக்டரைக் கேளாமல் வலித் தைலங்களை நிறையத் தேய்த்தல் கூடாது. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும், மறைக்க வேண்டியதை மறைத்துச் செய்வதே நம் முறை.

கை வைக்கக் கூடாத இடங்கள்

1. நெஞ்சு நோவு. நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ நோவு பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் கண்டால், 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிராதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். கடை மூடும் நேரம் வரை காத்திருத்தலும் ஆகாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்.

2. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறிக் கெண்டைக்கால் நோவது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

3. புதிய சுளுக்கு. முதல் 2, 3 நாள் அழுத்தித் தேய்க்க வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிஷம் வையுங்கள். நாலடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

4. இடுப்பு நோவோடு கால் மரத்துப்போவதும், சிறுநீர் அடைபடுவதோ அடக்க முடியாமற்போவதும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போதல் அவசியம்.

5. நீரிழிவுக்காரரின் மரத்த பாதம். சூடு தெரியாததால் ஒத்தடமே வெந்த புண்ணாகிவிடும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

நோவு வந்தபின் பிடித்துவிடுவதைவிட, வராமல் காப்பது மேல். கனத்த மூட்டைக்கு இரண்டு பேரை விடுங்கள். ஒரு தள்ளுவண்டி வாங்குங்கள். முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்கப் பழக்குங்கள். வேலையாள் உட்கார ஒரு முக்காலி போடுங்கள். 'இடுப்பு நோகிறது' என்று அவன் சொன்னால் சோம்பேறித்தனம் என்று எண்ணாமல் காது கொடுத்துக் கேளுங்கள். ஊரில் அவனை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. நம் கடையின் முதலில் அவனுடைய முதுகும் சேர்த்தி.

ஆகவே சகோதரர்களே, உழைப்பால் வந்த நோவுக்குக் கையும் தைலமும் போதும். ஐயம் தோன்றும் நோவுக்கு டாக்டரை நாடுவோம். இரண்டையும் பிரித்தறிந்து, வீட்டாருக்கும் கடைப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வோமாக.