முதல் பருவத்தில் எந்தப் பாடம்?

பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்து வைத்ததும் விடுதிச் சாவி, மாணவர் அட்டை, அறிமுக வாரம் என்று ஓடி முடித்து மூச்சு விடுவதற்குள் பாடப்பதிவு வந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் கால அட்டவணையை ஆசிரியர் ஒட்டினார். நாம் பார்த்து எழுதிக்கொண்டோம். இங்கே நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த தவற்றுக்கு இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வணிக நிர்வாகத் துறைக்கு வருபவர்கள் அதே விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல் எடுக்கவில்லை. ஆறாம் படிவத்தில் தமிழ்மொழி, பொருளியல், வணிகவியல் ஆகியவற்றைப் படித்தேன். 2023 அக்டோபரில் பதிவுத் திரையைத் திறந்தபோது முதல் பருவப் பட்டியலில் ‘நிதிக் கணக்கியல்’ இருந்தது. கண்டதும் பயம். பக்கத்தில் இருந்த மூத்த அக்கா, “முதல் பருவத்தில் பாயிண்டர்தான் முக்கியம். சுலபமானதை எடு, கணக்கியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் அதை எடுத்துவிட்டு ஒரு விருப்பப் பாடத்தைச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பருவத்தில் என் பாயிண்டர் 3.71. வீட்டில் பாயசம்.

சிக்கல் அடுத்த பருவத்தில் தொடங்கியது. எங்கள் துறையில் நிதிக் கணக்கியல் ஆண்டுக்கு ஒரு முறை, முதல் பருவத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. ஆகவே அதை நான் மூன்றாம் பருவத்தில்தான் எடுக்க முடிந்தது. அதில் தேறினால்தான் மேலாண்மைக் கணக்கியல். அது நான்காம் பருவம். அதில் தேறினால்தான் நிதி மேலாண்மை. அது ஐந்தாம் பருவம். அதையும் அடுத்து வரும் நிதிப் பாடம் ஒற்றைப்படைப் பருவங்களில் மட்டும் என்பதால் ஏழாம் பருவம். கட்டாயப் பாடங்கள் அனைத்தையும் முடித்த பிறகே தொழிற்பயிற்சிக்கு அனுப்புவார்கள். என் வகுப்புத் தோழிகள் ஏழாம் பருவத்தில் பயிற்சிக்குப் போவார்கள். நான் எட்டாம் பருவத்தில் போவேன். ஒரு பாடத்தைத் தள்ளி வைத்தேன். பட்டமே ஒரு பருவம் தள்ளிப் போய்விட்டது.

ஒரு பருவம்தானே என்று தோன்றலாம். பி.டி.பி.டி.என். கடனுதவி படிப்புக்கென்று விதித்த காலத்திற்குத்தான் கணக்கு. கூடுதல் பருவத்தில் விடுதி இடமும் உறுதியில்லை. அறை வாடகை, சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்தால் எனக்கு மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. நான் வேலைக்குப் போயிருக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் தம்பியும் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கிறான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “எத்தனை மாசம்?” என்று மட்டும் கேட்டார்.

பாயிண்டரைக் காப்பாற்றத்தானே அப்படிச் செய்தேன். அந்தக் கணக்கையாவது சரியாகப் போட்டேனா என்றால் அதுவும் இல்லை. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் ‘ஏ’ வாங்கினால் 4.00, ‘சி’ வாங்கினால் 2.00. மூன்று கிரெடிட்டுக்கு வித்தியாசம் 6 புள்ளி. முதல் பருவத்தில் 15 கிரெடிட் எடுத்தால் 6 வகுத்தல் 15, அதாவது 0.40 குறைகிறது. பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் பட்டத்திற்கு 120 கிரெடிட் என்றால் அதே ‘சி’ இறுதிப் பாயிண்டரில் குறைப்பது 0.05 மட்டுமே. 3.60 வர வேண்டியவருக்கு 3.55 வரும். அந்த 0.05க்குப் பயந்து நான் ஐந்தாறு மாதங்களைக் கொடுத்தேன். (உபகாரச் சம்பளம் பெறுவோர் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பருவத்திற்கும் குறைந்தபட்சப் பாயிண்டர் கேட்பவையும் உண்டு.)

எனவே பதிவுக்கு முன் பாடத்திட்ட ஏட்டில் பார்க்க வேண்டியது பாடத்தின் பெயரை அன்று. ‘முன்தேவை’ என்ற கட்டத்தைத்தான். ஒரு தாளில் எந்தப் பாடம் எதற்கு வாசல் என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். வணிகத் துறையில் பொதுவாக இரண்டு நீளமான சங்கிலிகள் இருக்கும். ஒன்று மேலே சொன்ன கணக்கியல்–நிதிச் சங்கிலி. மற்றொன்று வணிகக் கணிதத்தில் தொடங்கிப் புள்ளியியல், ஆய்வுமுறை வழியாக இறுதியாண்டு ஆய்வேடு வரை போகும். இரண்டின் முதல் கண்ணியும் முதலாம் ஆண்டுக்குள் முடிந்துவிட வேண்டும். சந்தைப்படுத்தலுக்கு இவ்வளவு நீளமான வால் பெரும்பாலும் கிடையாது, பிறகு எடுக்கலாம்.

அதற்காக எண் பாடங்களையெல்லாம் ஒன்றாக அள்ளிக்கொள்ளவும் கூடாது. மலேசியத் தகுதி முகமையின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, சொந்தப் படிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் அடங்கும். 18 கிரெடிட் என்றால் 720 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்திற்கு 42 மணிக்கு மேல். 15 கிரெடிட் என்றால் 35 மணி. பகுதிநேர வேலை பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைப் போல் எஸ்.டி.பி.எம். பொருளியல் படித்தவருக்கு நுண்பொருளியல் பாதி தெரிந்த பாடம். அதைக் கணக்கியலோடு சேர்த்தால் சுமை சமமாகும். மேலாண்மைக் கோட்பாடுகள் வாசிப்புப் பாடம், அது மூன்றாவது. ஆங்கிலப் பாடம் பெரும்பாலும் மூயெட் தேர்வில் பெற்ற நிலையைப் பொறுத்தது. பொதுப் பாடத்தில் ஒன்றை முடித்துவிடலாம். முன்னாள் மாணவர்கள் ‘தித்தாஸ்’ என்று நினைவில் வைத்திருக்கும் பாடம் இப்போது இல்லை. 2019இலிருந்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அதன் இடத்தில் நெறிமுறையும் நாகரிகமும் பற்றிய பாடம் வந்துவிட்டது.

இனி அந்தப் பயத்தைப் பற்றி. மூன்றாம் பருவத்தில் கணக்கியல் வகுப்பில் மூன்று வாரம் தடுமாறினேன். என்னைத் தடுத்தவை எண்களல்ல, ஒரு சொல். டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு என்று படித்திருந்தேன். வீட்டில் வரவு என்றால் உள்ளே வரும் பணம். ஆனால் பணம் கைக்கு வந்தால் ரொக்கக் கணக்கில் டெபிட் எழுது என்கிறார் விரிவுரையாளர். தலைகீழாக இருக்கிறதே!

தெளிவு கிடைத்தது அம்மாவின் 555 புத்தகத்தில். அம்மா காலையில் எங்கள் தாமான் சந்தியில் நாசி லெமாக்கும் தோசையும் விற்கிறார். கடன் சொல்லிப் போகிறவர்களின் பெயரும் தொகையும் அதில் இருக்கும். பக்கத்து வீட்டு மாமா 12 ரிங்கிட்டுக்குக் கடனில் வாங்குகிறார். பெற்றவர் மாமா, அவர் கணக்கில் 12 பற்று. விற்பனைக் கணக்கில் 12 வரவு. சனிக்கிழமை மாமா பணம் தருகிறார். இப்போது பெறுவது கல்லாப்பெட்டி. ரொக்கக் கணக்கில் 12 பற்று. தந்தவர் மாமா, அவர் கணக்கில் 12 வரவு. மாமாவின் பக்கம் சமமாகிவிட்டது. அம்மா அவர் பெயரை அடித்துவிடலாம். பெறும் கணக்கு பற்றுகிறது, அவ்வளவுதான். வங்கி அறிக்கையில் நம் பணம் உள்ளே போனால் ‘கிரெடிட்’ என்று வருவதும் இதனால்தான். அது வங்கியின் ஏடு. அங்கே தந்தவர் நாம். லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியர் 1494இல் அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை இது. அதற்கும் முன்பே வெனிஸ் வணிகர்கள் கையாண்டது.

அந்தப் பாடத்தில் எனக்கு ‘பி பிளஸ்’ கிடைத்தது. இவ்வளவுக்குத்தான் ஓராண்டு ஒளிந்திருந்தேன்.

சில பல்கலைக்கழகங்களில் முதல் பருவப் பாடங்களைத் துறையே பதிந்துவிடும். அப்படியிருந்தால் பயத்தில் எதையும் நீக்காதீர்கள். பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களே அவகாசம். ஆகவே முதல் விரிவுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்வி ஆலோசகரிடம் “இந்தப் பாடம் எந்தெந்தப் பருவத்தில் நடக்கும்?” என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.

பதிவு வாரத்தில் மாலை ஆறு மணிக்குமேல் நம் கழக அறையில் இருப்பேன். பாடத்திட்ட ஏட்டையும் ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்து வாருங்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது.