சதுரங்கப் பலகையின் பேரெண்

இந்தியாவில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாக அரபு நாடுகளை அடைந்த விளையாட்டு சதுரங்கம். அதனுடன் ஒரு கதையும் பயணம் செய்தது. அவ்விளையாட்டைப் படைத்த ஸிஸ்ஸா என்னும் அறிஞர் மன்னனிடம் ஒரு பரிசு வேண்டினாராம். பலகையின் முதல் அறைக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாம் அறைக்கு இரண்டு, மூன்றாம் அறைக்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்று, 64 அறைகளுக்கும் வழங்க வேண்டும் என்பதே அது. எளிய வேண்டுகோள் என்று எண்ணிய மன்னனின் களஞ்சியங்கள் போதவில்லை. 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். கதை புனைவாயினும் அதனுள் அடங்கிய எண் மெய்யானது. அது 18446744073709551615. இருபது இலக்கங்கள் கொண்ட இது, ஏறத்தாழ 1,84,467 கோடி கோடியாகும்.

அல்பிரூனி காட்டிய வழி

973இல் குவாரிஸ்மில் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, பண்டைச் சமுதாயங்களின் காலக்கணக்கு பற்றிய தமது நூலில் இவ்வெண்ணைக் கணக்கிட்டுள்ளார். அவர் கையாண்ட விதிகள் இரண்டு. ஓர் அறையின் எண்ணை அதனாலேயே பெருக்கினால், முதல் அறையிலிருந்து இருமடங்கு தொலைவிலுள்ள அறையின் எண் கிடைக்கும். ஓர் அறையின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்திய அறைகள் அனைத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும்.

எனவே, 2, 4, 16, 256, 65536, 4294967296 என வர்க்கப்படுத்திச் சென்றால், ஆறாம் பெருக்கலில், இல்லாத 65ஆம் அறையின் எண்ணை அடைகிறோம். அதில் ஒன்றைக் கழித்தால் விடை கைக்கு வருகிறது.

எண்ணின் காரணிகள்

ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், எஞ்சுவது அவ்வெண்ணுக்கு முன்னெண், பின்னெண் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனாகும். ஆகவே நம் பேரெண் 4294967295, 4294967297 ஆகியவற்றின் பெருக்கற்பலன். முன்னதை இம்முறையிலேயே மேலும் பிரித்தால், 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்து பகா எண்கள் கிடைக்கின்றன.

பின்னது? இந்த வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே எனப் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா 1640இல் கருதினார். ஆயினும் நிறுவ அவரால் இயலவில்லை. 1732இல் ஆய்லர் அக்கருத்தைத் தகர்த்தார். 4294967297ஐ வகுக்கும் பகா எண் எதுவும், 64இன் மடங்கைவிட ஒன்று மிகுந்ததாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவதான 641 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 6700417, அதுவும் பகா எண்ணே.

ஆக, ஏழு வெவ்வேறு பகா எண்களால் ஆன இப்பேரெண்ணுக்கு, ஒன்றும் தானும் உட்பட 128 வகுஎண்கள் உள்ளன.

மாணவர்கள் 641ஐ 6700417ஆல் தாங்களே பெருக்கிப் பார்த்தல் நலம். ஃபெர்மா மாபெரும் மேதை என்பதில் ஐயமில்லை. எனினும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலவிய அவரது கருத்து, ஒரே ஒரு வகுத்தலின் முன் நிற்கவில்லை. யார் கூறினும் சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும் என்னும் பாடத்தை இவ்வெண்ணிடமிருந்து நாம் பெறுவோமாக.