கோப்பைக்கும் ஆசைப்படு, கூரைக்கும் ஆசைப்படு

தஞ்சாவூர்,
19.01.2026

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தில், "வர்ற சீசன்லயாவது தலைவாஸ் கப் அடிக்குமா மாமா?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழேயே, "நம்ம பக்கம் ஒரு கபடி ஸ்டேடியம் வந்தா எப்படி இருக்கும்!" என்றும் எழுதியிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. இரண்டாவதை நீ கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, ஏக்கமாக எழுதிவிட்டாய். ஆனால் இந்த இரண்டாவதில்தான் நீயும் நானும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படி.

முதலில் கோப்பை. புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் 2017-ல், ஐந்தாவது சீசனில்தான் உள்ளே வந்தது. முதல் இரண்டு சீசனில் தன் பிரிவில் கடைசி இடம். மூன்றாவது சீசனில் பன்னிரண்டு அணிகளிலும் கடைசி. அஜய் தாக்கூர் மாதிரி ஒரு பெரிய ஆட்டக்காரர் தலைமை தாங்கியும் அதுதான் நிலைமை. இத்தனை வருடத்தில் பிளே-ஆஃப் வரை போனது ஒரே முறை, 2022-ல். அந்த சீசனை நீ ஆழ்ந்து படிக்க வேண்டும். நம்பிக்கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த வருடம் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். அதுவரை அந்த லீகில் யாரும் வாங்காத தொகை. முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காலில் அடிபட்டது. சீசன் முழுவதும் வெளியே. எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்போது நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டுக்குக் கிளம்பினான். சீசன் முடியும்போது அவன் பெயரில் 240-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள். இரண்டு மூலைகளிலும் சாகர், சாஹில் என்ற இரு இளைஞர்கள் கணுக்காலைக் கவ்வினால் விடவில்லை. எலிமினேட்டரில் யு.பி. யோதாஸோடு 36-36 என்று சமநிலை, டை-பிரேக்கரில் வெற்றி. அரையிறுதியில் புனேவிடம் இரண்டே புள்ளியில் தோல்வி, 39-37.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: பெரிய பெயரை நம்பாதே, அணியின் அமைப்பை நம்பு. வர்ற சீசனுக்கு ஏலம் நடக்கும்போது யாருக்கு எத்தனை கோடி என்று மட்டும் பார்க்காதே. இரண்டு மூலைக்கும் யார்? அவர்களுக்குத் துணையாக கவரில் யார்? அவர்கள் சேர்ந்து ஆடி எத்தனை நாள் ஆகிறது? இவற்றைப் பார். கபடியில் ஒருவர் பாடிப் போகிறார், எதிரே ஏழு பேர் நிற்கிறார்கள். அந்த ஏழு பேரும் ஒரே மூச்சில் அசையப் பல மாதப் பழக்கம் வேண்டும். அதைக் காசு கொடுத்து ஒரே நாளில் வாங்க முடியாது.

ஆட்டத்தைப் பார்க்கும்போதும் கண்ணை மாற்றிப் பழகு. எல்லோரும் ரெய்டரையே பார்க்கிறார்கள். நீ ஒரு பாதி முழுக்க வலது மூலைக்காரரின் காலை மட்டும் பார். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிற நொடியில் அவர் எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறார்? பக்கத்தில் இருப்பவரின் கையை எப்போது விடுகிறார்? இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு வரும் 'டூ ஆர் டை' ரெய்டில், அந்த முப்பது நொடியும் அவர் அவசரப்படாமல் நிற்கிறாரா? களத்தில் மூன்று பேரே மிச்சம் இருக்கும்போது ஒரு பிடிக்கு இரண்டு புள்ளி. அப்போது அவர் துணிகிறாரா, தயங்குகிறாரா? இப்படி நாலு ஆட்டம் பார்த்தால், தோற்ற நாளிலும் உன் அணி வளர்கிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். தோல்வியைத் தாங்கும் பலம் ரசிகருக்கு அந்த அறிவிலிருந்துதான் வரும்.

மூலைக்காரர் என்றதும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தர்மராஜ் சேரலாதன், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரர். பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமை தாங்கி 2016-ல் புரோ கபடி கோப்பையை வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. காவிரிக்கரை மண்ணில் விளையாடிய கால்கள் அவை. அடுத்த தலைமுறைக்கும் ஆள் வந்துவிட்டது. போன அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில், மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் அபினேஷ் இருந்தார். அதே போட்டியில் பெண்கள் அணிக்குத் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, அவர்களும் தங்கம்தான். அடுத்த மாதமே டாக்காவில் பெண்கள் உலகக் கோப்பையை இந்தியா மறுபடியும் வென்றது. ஆக, திறமைக்கு இங்கே பஞ்சம் இல்லை. எதற்குப் பஞ்சம்? அதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

நம் டெல்டாவில் கபடிக்கென்று ஒரு பருவம் இருக்கிறது, அதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை. வயல் காலியானதும் ஊருக்கு ஊர் ட்யூப் லைட்டும் மைக் செட்டும் கட்டி ராத்திரி ராத்திரியாக நாக்-அவுட் நடக்கிறது. 55 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு, சுழற்கோப்பை, ஆட்டுக்கிடா பரிசு எல்லாம் உனக்குத் தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதன் பிறகு வயல் உழவுக்குப் போய்விடும், ஆட்களும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் பள்ளிக்கூட மைதானமும் சேறு. நம் வண்டல் களிமண் மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கணக்குப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஆடக் கிடைப்பது வருடத்தில் பாதிக்கும் குறைவு. நெல்லுக்கு நல்ல மண் கபடிக்குப் பாதி வருடம்தான் இடம் கொடுக்கிறது.

இரண்டாவது பஞ்சம், மேட் என்கிற ஆடுகள விரிப்பு. இப்போது மாநில அளவிலிருந்து சர்வதேசம் வரை பெரிய போட்டியெல்லாம் மேட்டில்தான். ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 மீட்டர். மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது விரல் மண்ணைக் குத்திப் பிடிக்கும், திரும்பும்போது கால் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ போட்டு ஆடினால் கால் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் வாங்கிக்கொள்ளும். மண்ணில் மட்டுமே பழகிய பிள்ளையை நேராகப் போட்டி மேட்டில் இறக்கினால், அவள் ஆட்டமும் குறையும், காயமும் வரும். திறமை இருந்தும் மாவட்டத்தைத் தாண்டாமல் நின்றுபோகிறவர்களின் கதை பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நேரில் பார்க்கும் வாய்ப்பு. தலைவாஸ் அரையிறுதிக்குப் போன அந்த 2022 சீசனில் சென்னையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. பெங்களூரு, புனே, ஹைதராபாத், கடைசியில் மும்பை என்று முடித்துவிட்டார்கள். போன வருடம் சென்னைக்கு ஆட்டங்கள் வந்தன, சந்தோஷம். ஆனாலும் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். நடவுக் கூலியில் குடும்பம் நடத்துகிற வீட்டுப் பிள்ளை அங்கே போய்ப் பார்ப்பது நடக்கிற காரியமா? பெரிய ஆட்டக்காரர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவதை ஒரு முறை நேரில் பார்க்கிற பிள்ளைக்கு, அந்த உயரம் எட்டாத உயரம் இல்லை என்று புரிந்துவிடும். டிவி அதைக் கற்றுத் தருவதில்லை.

அதனால்தான் உன் ஸ்டேடியம் ஆசையை நான் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கென்றே ஓர் அரங்கம் திறந்தார்கள். போன நவம்பரில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையோடு மதுரைக்கும் வந்தது; அதற்காக மதுரைக்குப் புது ஹாக்கி மைதானம் கிடைத்தது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசே அறிவித்துக் கட்டங்கட்டமாகக் கட்டி வருகிறது. காளைக்கும் ஹாக்கிக்கும் கிடைத்தது, சேரலாதனையும் அபினேஷையும் கொடுத்த டெல்டாவில் கபடிக்குக் கிடைக்கக் கூடாதா?

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பத்தாயிரம் பேர் உட்காரும் கேலரி நமக்கு அவசரம் இல்லை. நாலு பக்கமும் காற்று வரும் உயரமான கூரை. அதன் கீழே இரண்டு மேட். வெள்ளம் ஏறாத உயரத்தில் தரை. டெல்டாவில் இதை மறந்து கட்டினால் முதல் பெருமழையிலேயே மேட் பாழ். சாயங்கால வேலைக்குப் பிறகு ஆட விளக்கு. பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை. இவை இல்லாததால் வயதுக்கு வந்ததும் ஆட்டத்தை விட்ட பெண்கள் எத்தனை பேர் என்று உன் பள்ளியிலேயே கேட்டுப் பார். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் வருகிற ஒரு பயிற்சியாளர். சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கிற அரங்கம் யாருக்கும் உதவாது. திறப்பு விழாவோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்காதே, உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

பெண்களுக்காக இன்னும் ஒன்று கேட்க வேண்டும். 2016-ல் புரோ கபடியோடு சேர்த்து மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு சிறு தொடர் நடத்தினார்கள். அது தொடரவில்லை. உலகக் கோப்பையை இரண்டு முறை வென்ற நாட்டில், தலைவாஸ் சட்டை போட்டுப் பெண்கள் ஆடும் ஒரு சீசன் ஏன் இல்லை? வர்ற சீசனுக்கு ஆசைப்படும்போது அதையும் சேர்த்து ஆசைப்படு. கோப்பைக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை, நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அது பன்னிரண்டில் ஓர் அணிக்கு, ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். ஒரு கூரை வந்தால், முப்பது வருடத்துக்குத் தினமும் சாயங்காலம் நாற்பது பிள்ளைகள் ஆடுவார்கள். இரண்டில் எது பெரிய வெற்றி என்று நீயே சொல்.

கடைசியாக, நீ செய்ய வேண்டிய வேலை. இந்த மாதம் 26-ஆம் தேதிக்குள் உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கபடி ஆடுகிற பெண்களின் பெயர், வயது, படிக்கும் வகுப்பு, எங்கே ஆடுகிறார்கள், எந்த மாதங்களில் ஆட முடியவில்லை என்று ஒரு நோட்டில் எழுது. அரசாங்கத்திடம் வெறும் ஆசையைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், கணக்கைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். அதைத் தவறவிட்டால் மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. உனக்கு இன்னும் ஓட்டு வரவில்லை, ஆனால் உன் அம்மாவுக்கு இருக்கிறது. அவளையும் உன் தோழிகளின் அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு போ. கூரை போட்ட ஒரு கபடிக் களம் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று நின்று பார்த்துவிட்டு வா. அந்தத் தீர்மானத்தின் நகலோடு நாம் இரண்டு பேரும் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்க்கலாம். நான் கூட வருகிறேன்.

நோட்டை இன்றைக்கே தொடங்கு.

அன்புடன்,
உன் மாமா