நூலுக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒரு வழி

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் சொந்தப் பணத்தில், சொந்த உழைப்பில் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் அங்கே உண்டு. அதே மாவட்டத்தின் திருமயம் பகுதியில், கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி அரசு அலுவலகங்களில் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று இருசக்கர வண்டியில் போகையில் லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகி, குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பழைய இதழின் ஸ்கேனும், ஒரு குவாரியின் படமும் மனு நகலும் கணினியில் ஒரே மாதிரிக் கோப்புகள்தான். 'இதை எப்படி வெளியே கொண்டுபோவது' என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில் வந்து விழுகிறது: டோரன்ட்டில் விடு, டோரில் ஏற்று, யாருக்கும் தெரியாது. இரண்டு கருவிகளையும் ஒன்றாக்கிவிடுவதால், இரண்டு வேலைக்கும் அது தவறான பதில். நூல் அழியாமல் இருக்க வேண்டும். புகார் தருகிற ஆள் அகப்படாமல் இருக்க வேண்டும். முதலாவதற்குப் பல பிரதிகள் தேவை, இரண்டாவதற்கு மறைவு தேவை. எது நம் தேவை என்று தெரிந்துகொண்டால் கருவியைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமில்லை.

நூலை முதலில் எடுத்துக்கொள்வோம். இலவசத் தளம் ஒன்றில் ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பது எளிது, ஆனால் போதாது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் இருந்தன. அவற்றோடு இலவச மின்நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து இந்தியாவில் சில நாள் முடங்கியது. 2024 அக்டோபரில் அதே ஆர்க்கைவ் இணையத் தாக்குதலால் பல நாள் திறக்கவில்லை. சரி, வீட்டிலேயே சின்னக் கணினி ஒன்றை வைத்து நாமே வழங்கலாமே என்றால், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இடத்தில் இருப்பது எதுவும், அந்த இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும், ஒரு நாள் இல்லாமல் போகலாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின.

டோரன்ட் இந்த நோய்க்கென்றே பிறந்த மருந்து. 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய முறை இது. கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஒரு கணக்கு எண்ணை வைக்கிறது. இறக்குகிறவரே அடுத்தவருக்குக் கொடுக்கிறவராகவும் ஆகிறார். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தத் துண்டு தள்ளப்பட்டுவிடும் என்பதால், யாரிடமிருந்து வாங்கினாலும் பிரதி நம்பகமானது. புதுக்கோட்டையில் ஒரு கணினி, சிங்கப்பூரில் ஒரு நண்பரின் கணினி, ஏதாவது ஒரு கல்லூரியில் இன்னொன்று என்று மூன்று இருந்தால், ஒன்று அணைந்தாலும் நூல் கிடைத்துக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுகிற உருப்படிகளுக்கு அதுவே டோரன்ட் கோப்பும் செய்து தருகிறது; ஆக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. டோரன்ட்டின் குறையும் நேரானது: கோப்பைத் தொடர்ந்து வழங்க, அதாவது விதை போட, ஆள் இல்லாவிட்டால் அது வெறும் முகவரி. ஏற்றிய முதல் வாரத்து ஆர்வம் மூன்றாம் ஆண்டில் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். பதிப்புரிமைத் தொல்லை இருக்கிறதே, டோர் போன்ற, அடையாளத்தை மறைக்கும் வலைப்பின்னலில் விட்டால் நிம்மதி அல்லவா? 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1930-களின் மணிக்கொடி இதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதுமைப்பித்தன் இறந்தது 1948. அவர் கதை பொதுவுடைமை. ந. பிச்சமூர்த்தி 1976-இல் இறந்தார். அவர் எழுதியதற்கு 2036 முடியும்வரை உரிமை உண்டு. பி.எஸ். ராமையாவுக்கு 2043 வரை. அட்டை ஒன்று, உள்ளே உரிமை மூன்று வகை. கையில் இருக்கிற நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ள, லாபநோக்கில்லாத பொது நூலகத்துக்கு 2012 திருத்தம் இடம் தருகிறது. ஊருக்குப் பகிர இடம் தரவில்லை. மறைவாகப் போட்டால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. மாறாக, நூலுக்கு உயிரான ஒன்று போய்விடுகிறது: இது எந்தப் பதிப்பு, யாருடைய பிரதி, எந்தப் பக்கம் கிழிந்திருந்தது, யார் ஸ்கேன் செய்தார் என்ற விவரம். பெயரில்லாத பிரதியை எந்த ஆய்வாளரும் மேற்கோள் காட்ட முடியாது. கூகுளில் தேடினாலும் அகப்படாது. கைப்பேசியில் பாடம் படிக்கிற மாணவி ஒரு நூலுக்காக டோர் உலாவியை நிறுவப் போவதில்லை. பொதுவுடைமையானதைப் பெயர் போட்டுத் திறந்த வெளியில் விடுங்கள். மற்றதற்கு வாரிசுகளிடம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

டோர் வழியாக டோரன்ட் ஓட்டுவது எந்த நிலையிலும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பாதுகாப்பு என்று நம்பிப் பலர் செய்யும் காரியம் இது. டோர், டிசிபி என்ற வகை இணைப்புகளை மட்டுமே சுமக்கும். டோரன்ட்டோ ஆள் தேடுவதற்குப் பெரும்பாலும் யுடிபி என்ற வேறு வகையை நம்புகிறது, அது டோரைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே போய்விடும். போதாததற்கு, சில டோரன்ட் மென்பொருள்கள் கணினியின் உண்மையான ஐபி முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பும். அப்படிப் பயன்படுத்தியவர்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2010-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். டோரில் தரவைக் கைமாற்றிக் கொடுக்கிற, தன்னார்வலர்கள் நடத்துகிற கண்ணிகளில் அத்தனை பாரத்தை ஏற்றுவதும் நியாயமில்லை. மறைவாக டோரன்ட் தேவை என்றால் அதற்கு ஏற்றது ஐ2பி என்ற வேறொரு வலைப்பின்னல். அங்கே அனுப்புபவர், பெறுபவர், வழிகாட்டும் டிராக்கர் எல்லாமே வலைப்பின்னலுக்குள்தான். போக ஒரு சுரங்கம், வர வேறொரு சுரங்கம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுரங்கங்களே மாறும். விலை, வேகம். நொடிக்கு 50 கிலோபைட் கிடைத்தால் 1 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். அடுத்தவர் போக்குவரத்தை நம் கணினி சுமப்பது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். சுமப்பது பூட்டிய பொட்டலம். வழக்கமான அமைப்பில் அது நம் வீட்டிலிருந்து திறந்த இணையத்துக்குள் இறங்காது. விபிஎன் பற்றி ஒரு வரி போதும்: வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி விபிஎன் நிறுவனங்களுக்கு இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது, விபிஎன் என்பது ஒரு நிறுவனத்தை நம்புவது, அவ்வளவே.

இனி ஆளைக் காக்கிற வேலை. இங்கே டோருக்குள்ளேயே தளம் வைக்கும் வெங்காயச் சேவைதான் முதல் தேர்வு. வாசிப்பவர் பக்கம் மூன்று கண்ணி, வழங்குபவர் பக்கம் மூன்று கண்ணி. இருவரில் ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரியாது. நம் ஊர் வீட்டு இணைப்புகளில் பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் வெளியிலிருந்து நம் கணினியை அழைக்கவே முடியாது. வெங்காயச் சேவை உள்ளிருந்து வெளியே போய் இணைவதால் அந்தத் தடையும் இல்லை. ஆனியன்ஷேர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து 'பெறுதல்' என்பதைத் தேர்ந்தால், 56 எழுத்தில் ஒரு முகவரியும், வழக்கமான அமைப்பில் அதற்கு ஒரு தனிச் சாவியும் வரும். அவற்றைப் பெற்றவர் டோர் உலாவியில் திறந்து கோப்பைப் போடலாம். கணக்கு வேண்டாம், கைப்பேசி எண் வேண்டாம். ஒரு செய்தியாளரோ இயக்கமோ இதை வாரத்தில் குறிப்பிட்ட நாளில் திறந்து வைத்தாலே போதும்.

ஆனால் கருவி மறைப்பது வழியை மட்டும்தான். குவாரியில் கைப்பேசியால் எடுத்த படத்தின் உள்ளே, நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், கைப்பேசியின் வகை எல்லாம் எழுதப்பட்டிருக்கலாம். அவற்றை நீக்கிய பிறகும், எந்தத் தோட்டத்து வரப்பிலிருந்து எடுத்த கோணம் என்பதைப் பக்கத்து நிலத்துக்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். சிறிய ஊரில் டோரைப் பயன்படுத்துவதே அடையாளம் ஆகலாம்: 2013-இல் ஹார்வர்டில் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் அகப்பட்டது, அந்த நேரத்தில் வளாக இணைப்பில் டோரைப் பயன்படுத்தியவர்களைத் தேடியதால்தான். ஆகவே சொந்த ஊர் இணைப்பு, அலுவலக இணைப்பு இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

பெயரில்லாப் புகார் குப்பைக்குத்தானே போகும் என்ற மறுப்பு உண்மையான மறுப்பு. 2014-இல் நிறைவேறிய ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமே பெயரில்லாப் புகாரை ஏற்பதில்லை. அந்தச் சட்டமும் ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. அதனால்தான் மறைவான வழி அலுவலகத்துக்கு நேராகப் போகக் கூடாது என்கிறேன். அது போய்ச் சேர வேண்டியது, ஆவணத்தைச் சரிபார்த்துத் தன் பெயரில் மனுப் போடத் துணிவும் வழக்கறிஞர் துணையும் உள்ள ஓர் அமைப்பிடம். வயலுக்குப் பக்கத்தில் வெடி வைக்கப்படுகிறது என்று சொல்ல ஒரு விவசாயி தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நில அளவை எண்ணும் நாளும் தெளிவான படமும் அவர் பெயரில்லாமலே அந்த அமைப்பின் கைக்குப் போய்விட்டால், களத்துக்குப் போய்ப் பார்க்கிற வேலை அவர்களுடையது.