பெயரோடு பகிருங்கள்: பழைய வானொலி நாடகங்கள், கேள்வி-பதில்

கேள்வி: எண்பதுகளில் அப்பா வானொலியிலிருந்து பதிவுசெய்த நாடக கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரே இரைச்சல். வானொலி நிலையத்திலேயே நல்ல பதிவு இருக்காதா? இவற்றை வைத்திருப்பதால் பயன் உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிச்சயமாக உண்டு. நிலையத்தில் இருக்கும் என்று நம்பி எதையும் கழித்துவிடாதீர்கள். சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. அந்தக் காலத்தில் நாடகங்களை மைக் முன் நின்று நேரடியாகவே நடித்தார்கள். ஒலிபரப்பு முடிந்தால் நாடகமும் போயிற்று. பிறகு ஒலிநாடா வந்தது. ஆனால் அதன் விலை அதிகம் என்பதால், பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது பல நாட்டு வானொலிகளிலும் வழக்கமாக இருந்தது. அப்பாவின் கேசட்டில் இருப்பது அந்த நாடகத்தின் ஒரே பிரதியாகக்கூட இருக்கலாம்.

கதைவசனம் எழுத்தில் கிடைத்தாலும் அது ஒலிக்கு ஈடாகாது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மரிக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். முஸ்லிம்களின் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், பிராமணப் பேச்சு என நான்கும் மோதுவதில்தான் அதன் நகைச்சுவையே இருந்தது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. அந்த இழுவையையும் அழுத்தத்தையும் காகிதத்தில் எழுதிவைக்க முடியாது.

கேள்வி: கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். முதலில் அவற்றை உடைத்து எடுத்துவிடுங்கள். பிறகு தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டை ஓட்டவே வேண்டாம். ஓட்டினால் அது பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) படிந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்துவைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சால் துடைத்துவிட்டு, கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சி-120 வகை நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கிக்கொள்ளும். அதைப் பழுதில்லாத பிளேயரில் மட்டும் போடுங்கள். ஒலி மந்தமாகக் கேட்டால் கேசட்டைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைக் கவனியுங்கள். பதிவுசெய்த கருவியின் ஹெட்டும் உங்கள் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் ஒலி மழுங்கிவிடும். திருகாணியை மிக மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் குரல் தெளியும் இடம் தெரியும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். அந்தக் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். இரைச்சல் நீக்குவதை வேறொரு நகலில் செய்யுங்கள். இரைச்சலை அளவுக்கு மிஞ்சி அழித்தால் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளும் சேர்ந்து தேய்ந்துவிடும். கணினிக்கு மாற்றியாயிற்று என்று கேசட்டை வீசிவிடவும் கூடாது.

கேள்வி: எந்தக் கேசட்டிலும் நாடகத்தின் பெயரோ தேதியோ எழுதவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நாடகத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதை வெட்டாதீர்கள். நிலைய அறிவிப்பு, விளம்பரம், பாதியில் நிற்கும் செய்தி அறிக்கை எல்லாமே தடயங்கள். இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாக மாறியது. அறிவிப்பில் ‘ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று வந்தால் அந்த ஒலிபரப்பு அதற்குப் பிற்பட்டது. ஆனால் ஒலிபரப்பான ஆண்டும் நாடகம் தயாரான ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அது மறுஒலிபரப்பாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

அகில இந்திய வானொலி வெளியிட்ட ‘வானொலி’ இதழில் நிகழ்ச்சி நிரல் அச்சாகிவந்தது. பழைய நூலகங்களில் அந்த இதழ்களைத் தேடிப் பாருங்கள். நடிகர்களை அடையாளம் காண, அரை நிமிடக் குரலைச் சக நேயர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். ஒருவருக்குக் கதாநாயகியின் குரல் தெரிந்திருக்கும், இன்னொருவருக்கு எழுதியவர் யாரென்று நினைவிருக்கும். யார் சொன்ன தகவல், உறுதியாகச் சொன்னாரா, ஊகமா என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஊகம் கைமாறிக் கைமாறி உண்மைபோல் ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பலரிடம் இலங்கை வானொலி, சென்னை வானொலி நாடகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றலாமா?
- வாசகர், டொரன்டோ

பதில்: உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பழையது என்பதால் மட்டும் உரிமை தீர்ந்துவிடுவதில்லை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளரின் உரிமை அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். இலங்கையில் 70 ஆண்டுகள். ஒலிபரப்பிய நிறுவனத்துக்கும் நடிகர்களுக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. சொந்தப் பயனுக்காக ஒலிபரப்பைப் பதிவதை இந்தியச் சட்டம் ஏற்கிறது. அதை ஊரறிய வெளியிடுவது வேறு விஷயம். எழுத்தாளரின் குடும்பத்தையும் நிலையத்தையும் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். தங்கள் தந்தையின் நாடகம் இன்னும் இருக்கிறது என்பதையே அறியாத பிள்ளைகள் உண்டு. அனுமதி கேட்டுப் போனால் அவர்கள் உங்களை மகிழ்ச்சியோடு வரவேற்கவும் கூடும்.

அதுவரை யாருடைய அனுமதியும் இல்லாமல் பகிரக்கூடியது ஒன்று உண்டு: பட்டியல். நாடகத்தின் பெயர், எழுதியவர், தயாரித்தவர், நடித்தவர்கள், நிலையம், தேதி, எவ்வளவு நேரம், யாரிடம் இருக்கிறது. குழுவில் உள்ள எல்லாருடைய விவரங்களையும் ஒரே அட்டவணையில் சேருங்கள். ஒருவரிடம் முதல் பாதியும் இன்னொருவரிடம் பின்பாதியும் இருப்பது அப்போதுதான் தெரியவரும். ஒரே ஒருவரிடம் மட்டும் இருப்பது எது என்றும் தெரியும். முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். இலங்கை நாடகங்களுக்கு நூலகம் நிறுவனம், தமிழகப் பதிவுகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகிக் கேளுங்கள். வீட்டு வன்தட்டு நம் காலத்துக்குப் பிறகு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

பெயரில்லாமல் பகிரப்பட்ட நாடகத்தை ஆயிரம் பேர் கேட்டாலும், அதில் உழைத்தவர்களுக்கு ஒன்றும் போய்ச்சேர்வதில்லை. குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லக்கூடிய நேயர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். கேசட் இன்னும் சில ஆண்டுகள் தாங்கலாம். அந்த நினைவுகள் காத்திருக்காது. ஆகவே கேசட்டுகளைக் கோப்புகளாக மாற்றும் வேலைக்கு முன்பே, உங்கள் குழுவின் மூத்த நேயரைக் கூப்பிட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.