முதுகின் வளைவும் மூச்சுப் பயிற்சியும்

நம் முகத்தை நாள்தோறும் பலமுறை கண்ணாடியில் பார்க்கிறோம். முதுகைப் பார்ப்பவர் யார்? சிறு வயதில் முதுகு தேய்த்துக் குளிப்பாட்டிய அன்னையரும் பத்து, பதினொரு வயதானபின் அந்த வேலையை நம்மிடமே விட்டுவிடுகின்றனர். நாணத்தால் நாமும் மறைத்துக்கொள்கிறோம். நாம் இங்கு எடுத்துக்கொண்ட குறைபாடு பெரும்பாலும் தலைகாட்டுவதோ அந்தப் பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையிலேதான். வலியும் அவ்வளவாக இருப்பதில்லை. ஆகவே பலருக்கு அது காலங்கடந்தே தெரியவருகிறது.

முதுகெலும்புத் தொடரைப் பின்னாலிருந்து நோக்கினால் கழுத்து முதல் இடுப்பு வரை நேர்கோடாக இருக்க வேண்டும். அது பக்கவாட்டில் வளைந்து, வளையும்போதே திருகியும் கொள்வதை ‘ஸ்கோலியோசிஸ்’ என்பர். வளைந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நாம் கூன் என்று சொல்வது முதுகு முன்னோக்கிக் குவிவது; இது வேறு. வகுப்பில் ஒருத்தியைக் ‘கூனி’ என்று அழைப்பது கொடுமை மட்டுமன்று, மருத்துவப்படியும் தவறு.

எக்ஸ்-ரே படத்தில் வளைவை அளக்கும் முறையை 1948-ஆம் ஆண்டில் ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். அந்த அளவில் 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரும் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேரிடம் இது காணப்படுகிறது. சிறு வளைவுகள் ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறக்குறைய ஒத்த அளவில் உள்ளன. ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெருகுவது பெண்களிடம்தான் மிக அதிகம். பெண்கள் பள்ளி மலரில் இதைப் பற்றி எழுத வேறு காரணம் வேண்டுமோ?

இது ஏன் வருகிறது? பத்தில் எட்டுப் பேருக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களால் கூற முடிவதில்லை. குடும்ப வழியில் வருவதுண்டு என்பது மட்டும் தெளிவு. கனத்த புத்தகப்பை, கோணி உட்காரும் பழக்கம், இடுப்பில் குடம் சுமந்தது, ஒருக்களித்துப் படுத்தது ஆகியவற்றால் இது வருவதில்லை. “நேராக உட்கார் என்றால் கேட்டாயா?” என்று மகளைக் கடிந்துகொள்ளும் அன்னையர் இதை இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

கண்டறியும் வழி மிக எளிது. வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1865-இல் விளக்கிய முறையே இன்றும் வழக்கில் உள்ளது. சிறுமி கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு முன்னால் குனிய வேண்டும். தாயார் பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குத் தம் கண்ணைத் தாழ்த்தி நோக்க வேண்டும். விலாவின் ஒரு பக்கம் மேடாக எழும்பியிருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பது, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்பது, இடையின் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருப்பது, பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் இறங்கித் தெரிவது ஆகியனவும் அறிகுறிகளே. தையற்காரர் முதலில் கண்டுபிடித்துச் சொல்வதும் உண்டு!

இனி, பயிற்சிக்கு வருவோம். அதைத் தந்தவர் மருத்துவர் அல்லர்; இந்தக் குறை இருந்த ஒரு பெண்மணியே. ஜெர்மனியில் 1894-இல் பிறந்த கத்தரினா ஷ்ரோத் தமது 16-ஆம் வயதில் எஃகுக் கவசம் பூட்டப்பட்டவர். ஒரு ரப்பர் பந்தில் விழுந்த குழி, உள்ளே காற்று நிறையும்போது மேலெழுவதை எண்ணிப் பார்த்தார். தம் விலாவின் குழிந்த பக்கத்தையும் மூச்சுக் காற்றால் உள்ளிருந்தே தள்ளி விரிக்க முடியாதா என்று நினைத்தார். கண்ணாடிகளுக்கு இடையே நின்று தம் முதுகைத் தாமே கண்டு, சிறுகச் சிறுகப் பழகினார். 1921-இல் மைசன் என்ற ஊரில் ஒரு சிறு பயிற்சி நிலையம் தொடங்கினார். வல்லுநர் பலர் அவரை ஏற்கவில்லை. போருக்குப் பின் அவரும் மகள் கிறிஸ்தாவும் மேற்கு ஜெர்மனிக்குச் சென்று, 1961-இல் சோபர்ன்ஹைம் என்ற ஊரில் பணியைத் தொடர்ந்தனர். 1985-இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் முறை இன்று பல நாடுகளில் இயன்முறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

அம்முறையின் அடிப்படை இதுதான். முதலில் இடுப்பை மட்டப்படுத்தி, தலையுச்சியை மேலே இழுப்பதுபோல் உடலை நீட்டவேண்டும். பிறகு துருத்திய பக்கத்தை அடக்கி, அமுங்கிய விலாப் பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி, அப்பக்கத்தைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் விரிக்க வேண்டும். மூச்சை விடும்போது, அடைந்த நிலை கலையாதபடி தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். படுத்துச் செய்யும்போது உடலைச் சரியான நிலையில் தாங்குவதற்குச் சிறு அரிசிப் பைகளை அடியில் வைக்கின்றனர். நம் வீடுகளிலும் இதற்குப் பஞ்சமில்லை. எதிரே ஒரு கண்ணாடியும் வேண்டும். பயிற்சி முடிந்தபின், படிக்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் அந்த நிலையை நினைவில் வைத்துக் காப்பதே உண்மையில் கடினமான பாடம்.

ஒருத்தியின் பயிற்சி மற்றொருத்திக்கு ஆகாது. வளைவு வலப்புறமா இடப்புறமா, மார்பிலா இடுப்பிலா, ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும். தோழி செய்வதைப் பார்த்துச் செய்தால் குழிந்த பக்கம் மேலும் அமுங்கக்கூடும். முறையாகப் பயின்ற இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்று, பின்னரே வீட்டில் தொடர வேண்டும்.

இதனால் வளைவு நேராகிவிடுமா? பெரிதாக எதிர்பார்த்தல் கூடாது. கனடாவில் 10 முதல் 18 வயது வரையிலான 50 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்புடன் ஆறு மாதம் இப்பயிற்சியும் செய்தோருக்கு, செய்யாதோரைவிட வளைவு சராசரியாக மூன்றரைப் பாகை குறைவாக இருந்தது. சிறிய எண்தான். ஆனால் வளர்ச்சிக் காலத்தில் வளைவு கூடாமல் நிற்பதே வெற்றி எனக் கருதுவோருக்கு அது சிறிதன்று. எண்ணெய் தேய்த்து நீவுவதாலோ எலும்பைச் சொடுக்குவதாலோ இந்த வளைவு நேராவதில்லை.

வளைவு 25 பாகையைத் தாண்டி, வளர்ச்சியும் மிச்சமிருந்தால் மருத்துவர்கள் கவசம் அணியச் சொல்வர். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. கவசம் அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேருக்கும், அணியாதோரில் 48 பேருக்கும் வளைவு 50 பாகையை எட்டாமலேயே வளர்ச்சி முடிந்தது. நாளுக்கு 13 மணி நேரம் அளவில் அணிந்தவர்களுக்குப் பலன் மிகுதி. நம் ஊர் வெயிலில், அதுவும் சித்திரை மாதத்தில், அந்தக் கவசத்தை அணிந்து வகுப்பில் அமர்ந்திருப்பது எளிதன்று. உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணிந்தால் வியர்வையும் உராய்வும் குறையும். பக்கத்தில் இருப்பவர்கள் உற்றுப் பார்க்காமலிருந்தால் பாரமும் குறையும். பயிற்சி கவசத்துக்குத் துணையே, கவசத்துக்கு மாற்றன்று. வளைவு 45, 50 பாகையைக் கடந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டி வரும்.

பெற்றோர் வாய்விட்டுக் கேளாத கேள்வி ஒன்றுண்டு: “நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணாயிற்றே?” இந்த அச்சத்தினாலேயே சிலர் எவருக்கும் தெரியாமல் மறைத்து, சிகிச்சை பலிக்கக்கூடிய ஆண்டுகளைக் கடத்திவிடுகின்றனர். வளர்ச்சி மிக வேகமாக இருப்பது பூப்பெய்துவதற்குச் சற்று முந்திய காலத்தில். வளைவு பெருகுவதும் அப்போதே. 30 பாகைக்குக் குறைவாக வளர்ச்சியை முடித்தவர்களுக்குப் பின்னாளில் அது பெரும்பாலும் கூடுவதில்லை. இவர்கள் ஓடலாம், நீந்தலாம், மணம் புரிந்து பிள்ளை பெறலாம். உடற்பயிற்சி வகுப்பில் ஓரமாக உட்கார வைக்கத் தேவையில்லை.

ஒரு வீட்டில் மூத்தவளுக்கு வளைவு இருப்பதாகத் தெரிந்தால், தங்கைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குனியச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது.