பொருக்கிலே இருக்கிறது நோய்

முருங்கனில் புதிதாக ஆடு வளர்க்க வெளிக்கிட்ட பிள்ளைகளுக்கு, நாற்பது வருடம் பட்டியோடு கிடந்தவன் சொல்வது.

1. அம்மை என்றதும் எல்லாம் ஒன்றென்று நினைக்காதீர்கள். கோடையில் கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் புல் காய்ந்ததும் குட்டிகள் உடைமுள்ளைக் கடிக்கும். உதடு கிழியும். அந்தக் கீறலால் நுழைவது வாயம்மை; உதட்டிலும் கடைவாயிலும் தடித்த பொருக்குக் கட்டும். ஆட்டம்மை வேறு. முதலில் கடும் காய்ச்சல், பிறகு முகம், வாலடி, தொடையிடுக்கு, மடி என்று மயிர் குறைந்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் போடும். நுரையீரலையும் பிடிக்கும். குளம்பிடுக்கிலும் புண் இருந்து எச்சில் ஒழுகினால் கால்வாய் நோயோ என்று பாருங்கள்.

2. வாங்கின ஆட்டை 21 நாள் புறம்பாகக் கட்டுங்கள். ஒருமுறை நல்ல கிடாய் ஒன்றை வாங்கி நேரே பட்டிக்குள் விட்டேன். உதட்டோரம் கடுகளவு பொருக்கு இருந்தது. முள் கீறியதென்று எண்ணினேன். மூன்று கிழமைக்குள் பதினொரு குட்டிக்கு வாய் புண்ணாகிப் போனது. தாய்களின் மடியிலும் தொற்றியது. நோவில் அவை குட்டிகளை உதைத்துத் தள்ளின. நான்கு குட்டிகள் செத்தன. அவற்றைக் கொன்றது பசி.

3. ஆகவே வாயம்மைக்கு முதல் வைத்தியம் பால். கறந்து போத்தலில் பருக்குங்கள். வைரஸைக் கொல்ல மருந்தில்லை. பெரும்பாலும் மூன்று நான்கு கிழமையில் தானாக ஆறும். பொருக்கை உரிக்காதீர்கள். ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் பூசுங்கள். புண் சீழ் பிடித்தால் ஊசியை மிருக வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

4. வாயம்மை மனிதர் கைக்கும் வரும். உறை போடாமல் தொடாதீர்கள்.

5. காய்ந்து விழுந்த பொருக்கில் வாயம்மைக் கிருமி வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆட்டம்மைக் கிருமியும் நிழலான கொட்டிலில் ஆறு மாதம் வரை கிடக்கும். புழுக்கையைச் சுரண்டி எரியுங்கள், சுண்ணாம்பு போடுங்கள். செத்ததை ஆழப் புதையுங்கள். நோயைத் தடுக்கவென்று சிலர் பொருக்கை இடித்து நல்ல ஆட்டின் தோலில் கீறி வைக்கச் சொல்வார்கள். சுத்தமான பட்டிக்கு நோயைக் கூட்டிவரும் வேலை அது.

6. உடம்பில் முடிச்சுக் கண்டால் அன்றைக்கே அரச மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் எடுக்கும் பொருக்கைப் பேராதனை கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கலாம். 2020இல் நம் வடக்கிலே மாடுகளுக்குக் கழலை போட்டதே, அந்தக் கிருமியும் ஆட்டம்மைக் கிருமியும் நெருங்கிய உறவு. இந்தியாவில் மாட்டுக்கு அந்த நோயைத் தடுக்க ஆட்டம்மைத் தடுப்பூசியையே போட்டார்கள்.

7. வைத்தியர் வந்து பார்க்கும்வரை ஓர் ஆட்டையும் விற்காதீர்கள், மேய்ச்சலுக்கு விடாதீர்கள். நீங்கள் மலிவாகத் தள்ளிவிடும் ஆடு இன்னொரு பிள்ளையின் முதல் பட்டிக்குள்தான் போகும்.